அப்பா லிஸ்பன் வருவாரா

கடலூர் முதுநகர்
புதன்கிழமை

அன்புள்ள எழிலனுக்கு,

அப்பா வருவாரா மாட்டாரா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக்கூடச் சொல்லத் தெரியவில்லையா என்று நீ நினைப்பாய், ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதி உன்னை டிக்கெட் போட வைக்க எனக்கு மனமில்லை. எங்கள் மண் பரிசோதனை நிலையத்தில் மண் வந்து சேராமல் யாருக்கும் முடிவு எழுதிக் கொடுப்பதில்லை, அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மற்றபடி இருவரும் சௌக்கியம். அப்பாவுக்கு டூர் வேனில் ஏறும்போது முழங்கால் வலிக்கிறது, இறங்கும்போது வலிக்கவில்லையாம். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது, தாண்டவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்றால், போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், போட்டால் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. அபுல் ஹசன் அண்ணனின் மகள் நஜியா லீவு முடிந்து சனிக்கிழமை லிஸ்பன் திரும்புகிறாள். நாளை சாயங்காலம் வந்து உனக்கான பொட்டலத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள், அதோடு இதையும் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். பரங்கிப்பேட்டையில் விசா, டிக்கெட் வேலையெல்லாம் பார்ப்பவர் அபுல் ஹசன் அண்ணன்தானே, அவர் எங்கள் இருவருக்கும் சென்னையில் நேரம் வாங்கி வைத்திருக்கிறார். என்னுடைய காகிதங்கள் எல்லாம் தயார். அப்பாவுடையதில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, அவருடைய போட்டோ. நாளை சாயங்காலத்துக்குள் அது கைக்கு வரவில்லை என்றால் அவர் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான், அதற்கடுத்து நேரம் கிடைப்பது உன்னுடைய மே மாத லீவுக்குப் பிறகு என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஸ்டுடியோ நம் கடைத்தெருவிலேயே இருக்கிறது, வேன் தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறது. வரமாட்டேன் என்று அப்பா ஒருநாளும் சொல்லவில்லை. மாசி மகம் முடியட்டும், சாமியெல்லாம் தேவனாம்பட்டினம் கடலுக்கு வருகிற நேரம், வண்டிக்கு ஓய்வே இல்லை என்றார். அது முடிந்ததும் திருவந்திபுரத்தில் முகூர்த்தம் என்றார். அங்கே என்றைக்குத்தான் முகூர்த்தம் இல்லை. அண்ணன் தினமும் போன் செய்து கெஞ்சுகிறார். "ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால அவுங்க ஆளுங்க கப்பல்ல வந்து எங்க ஊர்ல எறங்கினப்ப நாம யாராச்சும் போட்டோ கேட்டோமா அண்ணே, இப்ப கேக்குறாங்க, ஒண்ணு குடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்று அவர் சொன்னதற்கு அப்பா வாய்விட்டுச் சிரித்தார், சிரித்துவிட்டு வண்டி சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீ அனுப்பிய லிஸ்பன் இடங்களின் பட்டியலை வரிசை மாறாமல் மனப்பாடமாகச் சொல்கிறவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். ரயில்வே கேட் போட்டிருக்கும்போது வேனில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்குப் படித்துக் காட்டி, படங்களையும் போனில் திருப்பிக் காட்டுகிறார். நவக்கிரக டூருக்கு வந்தவர்கள் இப்போது சனீஸ்வரனோடு சேர்த்து உன் ஊர்க் கோட்டைகளையும் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஆற்றோரத்துப் பெலேம் கோபுரம் பழுதுபார்ப்புக்காக மூடியிருந்தாலும் இருக்கும் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, பாலாலயம் செய்திருப்பார்கள், திருப்பணி முடிந்ததும் திறப்பார்கள், நியாயம்தான் என்றார். அந்தக் கார்மோ மடத்தைத்தான் அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பூகம்பத்தில் கூரை விழுந்த கோயிலை வானம் தெரிய அப்படியே நிறுத்திவைத்து அதைப் பார்க்க டிக்கெட்டும் போடுகிறார்களா, "எறநூறு வருஷத்துக்கு மேலயா ஒரு தர்மகர்த்தாகூட கெடைக்கல?" என்று சின்னையன் மாமாவிடம் கேட்டிருக்கிறார். சின்னையன் என் தம்பி என்பதால் சொல்லவில்லை, அவன் வண்டி ஓட்டும்போது வாயும் சேர்ந்து ஓடும். கூரை போட்டால் பார்க்க வருகிறவர்கள் வராமல் போய்விடுவார்கள் மாமா, அதான் வருமானம் என்றானாம். நம் டூருக்கு எப்போதும் வரும் ராஜாமணி அக்காவுக்கு வேறு கவலை. ஜெரோனிமோஸ் மடத்துக்குள் வாஸ்கோ ட காமாவின் சமாதி இருக்கிறது என்று கேட்டதும், அதைப் பார்த்துவிட்டு வந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டுமா, அந்தக் குளிரில் வெந்நீர் தருவார்களா என்று என்னைக் கேட்டார். அவர் வரப்போவதே இல்லை, இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். எனக்கு இந்தக் கோட்டை, கொத்தளத்தில் பெரிய ஆர்வம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். தேவனாம்பட்டினம் போகிற வழியில் இருக்கும் வெள்ளைக்காரன் கோட்டைச் சுவரை நாம் ஒருநாளாவது நின்று பார்த்திருக்கிறோமா, அதைவிட்டு இவ்வளவு தூரம் வந்து இன்னொரு சுவரைப் பார்த்து நான் வியப்பேன் என்று எதிர்பார்க்காதே. அந்த நீல ஓடுகள் பதித்த மியூசியத்தைப் பார்க்க வேண்டும், அந்தக் களிமண் என்னவென்று தெரிந்துகொள்ள ஆசை. மலை மேல் ஏறும் மஞ்சள் ட்ராமில் ஒருமுறை போகலாம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போ. அதற்கு முன்னால் உன் சமையலறையைப் பார்க்க வேண்டும், அதை எந்த வரிசையிலும் நீ சேர்க்கவில்லை.

இப்போது உன் வேலை விஷயம். நீ மறைமுகமாகத்தான் கேட்டாய், நான் நேராகவே எழுதுகிறேன். அண்ணாமலையில் சிவில் படித்து, அங்கே போய்ப் பழைய கட்டடங்களைப் பற்றி மேல்படிப்பும் படித்த பிள்ளை, தெருத்தெருவாக ஆட்களை நடக்கவைத்து ஊர் சுற்றிக்காட்டுகிறான் என்பதை அப்பா இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் பில்டிங் சம்பந்தமான வேலை என்கிறார், அதைப் பொய் என்று சொல்ல முடியாது. எந்த ஊர்க் கோயிலானாலும் வேன் நின்றதும் கைடு வேண்டுமா என்று ஒட்டிக்கொள்ளும் ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது, தன் ஆட்களை அவசரப்படுத்துகிறார்கள் என்று விரட்டிவிடுவார். நீயும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாய் என்ற வருத்தம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீ போடும் வீடியோ ஒன்றுகூட விடாமல் பார்க்கிறார். மதியம் சாப்பிட்டதும் வேனில் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிறார், சின்னையன் மாமா சொல்லித்தான் எனக்கே தெரியும். பார்த்துவிட்டு என்னிடம் குறை சொல்வார். உன்னிடம் சொல் என்றால் மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன், கேட்டுக்கொள். பேசிக்கொண்டே பின்னோக்கி நடக்காதே, அந்தக் கல் பாவிய தெரு வழுக்கும். முன்னால் நிற்பவர்களையே பார்த்துப் பேசுகிறாய், கடைசியில் வருகிறவர்கள்தான் வயதானவர்கள், அவர்கள் வந்து சேர்ந்த பிறகு ஆரம்பி. வெயிலில் நிறுத்திக் கதை சொல்லாதே, எதிர்ப்பக்கம் நிழல் இருந்ததை அவர் வீடியோவிலேயே பார்த்துவிட்டார். சிறுநீர் கழிக்கும் இடம் எங்கே என்று கேட்கும்வரை காத்திருக்காமல் முதலிலேயே சொல், பெண்கள் கேட்கமாட்டார்கள். சின்னையன் மாமா தன் பங்குக்கு ஒன்று சொன்னான், "நம்ம டூருல கால் வலிச்சா வண்டியில ஏத்திக்கறோம், மாப்ள டூருல வண்டியே இல்லியே, வலிச்சவங்கள முதுகுலயா தூக்குவான்?" என்று. அப்பா அதற்குச் சிரிக்கவில்லை, நடத்திக் கூட்டிப்போவதுதான் கஷ்டமான வேலை, உட்காரவைத்துக் கூட்டிப்போவது யாராலும் முடியும் என்றாராம். இதை நீ எப்படி எடுத்துக்கொள்கிறாயோ எடுத்துக்கொள், நான் கேட்டதை எழுதுகிறேன்.

ஒரு வீடியோ பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பெரிய சதுக்கத்தில் நின்றுகொண்டு, பூகம்பத்தன்று நெருப்புக்குப் பயந்து திறந்த வெளியைத் தேடி இங்கே ஓடிவந்தவர்கள் மேல்தான் கடலும் ஏறிவந்தது என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னாய். அப்பாவுக்கு அந்த வேகம் பிடிபடவில்லை, என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் திருப்பிப் போட்டு என்ன சொல்கிறான் என்று கேட்டார். நீ சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன், எனக்கு ஐந்து வயதில் எங்கள் ஊர்க் கடற்கரையில் இது நடந்தது, அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை, பின்பக்கம் பார்த்துக்கொண்டு தோளில் கிடந்த நான்தான் பார்த்தேன் என்று. அவர் போய் வேனைக் கழுவினார், காலையில்தான் கழுவியிருந்தார். வெகுநேரம் கழித்து, "அவன் பாத்தான்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார். நீ என்னிடமும் சொன்னதில்லை. பரவாயில்லை, யாரிடமாவது சொன்னாயே.

போன ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் சிதம்பரத்துக்கு வேன் பேசியிருந்தார்கள், எனக்கும் லீவு என்பதால் கூடப் போனேன். அப்பாவின் முறை உனக்குத் தெரிந்ததுதான், வேன் நின்றதும் எல்லோரும் செருப்பை உள்ளேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்க வேண்டும். அவர் வேன் வாசலிலேயே உட்கார்ந்து சீட் வரிசைப்படி ஜோடி ஜோடியாக அடுக்கி வைப்பார், தரிசனம் முடிந்து வந்தவர்கள் காலை நீட்டினால் அவரவர் செருப்பு காலடியில் இருக்கும். ஒருத்தர் செருப்பும் தொலைந்ததில்லை என்பதற்காகவே நம் வேனைத் தேடி வருகிறவர்கள் உண்டு. நான் கும்பிட்டுவிட்டு மற்றவர்களுக்கு முன்பே திரும்பிவிட்டேன், ரதவீதி ஓரத்தில் அவர் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து தினத்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். நீங்கள் உள்ளே போய் எவ்வளவு நாளாகிறது என்று கேட்டேன். யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார், உனக்கு முதல் மொட்டை போட்ட வருஷம் என்றார். வாரத்தில் இரண்டு முறை அந்தக் கோபுரத்தடியில் வந்து நிற்கிற மனிதர். சின்னையன் பார்த்துக்கொள்ள மாட்டானா, ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள் என்றேன், அவன் ஜோடி மாற்றிவிடுவான் என்றார். சரி, பிள்ளைக்கு என்ன பதில் சொல்லட்டும், மே மாதம் வருகிறோமா இல்லையா என்றும் கேட்டுவிட்டேன். "அங்கயும் வந்து நான் வெளிய நிக்கவா?" என்றார். நீ உள்ளே நின்று நாலு பேருக்கு விளக்கிச் சொல்வாய், அவர் வெளி ஆளைப்போல வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும் என்று மனத்தாங்கல் போலிருக்கிறது. அது தப்பு என்று சொல்லலாம், சொன்னால் போய்விடுகிற மனத்தாங்கல் எதையும் நான் பார்த்ததில்லை. என் செருப்பைக் காட்டினார், போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆகையால் எழிலா, நான் மட்டும் வருவதாகவே எண்ணி ஏற்பாடு செய், அவர் வந்தால் லாபம். வரவில்லை என்றால் கோபப்படாதே, போனில் குத்திக்காட்டவும் வேண்டாம்.

பொட்டலத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாகிராமத்து முந்திரி, உடைத்தது, முழுசு எல்லாம் கலந்து இருக்கிறது, நண்பர்களுக்குக் கொடு, எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே. பலாப்பழ சிப்ஸ், கறிவேப்பிலைப் பொடி, வெயிலில் காய்ந்த வடகம். ஊறுகாய் வைக்கவில்லை, போன முறை எண்ணெய் கசிந்து நஜியாவின் புத்தகங்கள் வீணாயின, அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, அவள் அம்மா சைதுன் பீவிதான் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பதில் அவர் உனக்கென்று கறி மசாலா அரைத்துக் கொடுத்திருக்கிறார், நன்றி சொல்லி ஒரு மெசேஜ் போடு. நாள் முழுக்கப் பேசுகிற தொழில், தொண்டையைப் பார்த்துக்கொள், பச்சைத் தண்ணீர் குடிக்காதே. வாஸ்கோ ட காமா வருவதற்கு முன்பே நாங்கள் தொலைந்துபோகாமல்தான் இருந்தோம் என்று நீ ஒவ்வொரு வீடியோவிலும் சொல்கிறாய், முதல் தடவை நன்றாக இருந்தது. நன்றாக இரு, நினைத்த வேலையை நினைத்தபடி செய், யார் என்ன பெயர் வைத்தாலும் அது உன் வேலை. நடராஜர் துணையிருக்கட்டும், நான் அதிகம் வேண்டுகிற ஆள் இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் பெயரைச் சொன்னேன்.

அன்புடன்
அம்மா சந்திரலேகா

வியாழன் சாயங்காலம்

உறையை ஒட்டவில்லை, நல்லதாகப் போயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ஆபீஸிலிருந்து வந்தபோது நஜியா வந்து பொட்டலத்துக்காகக் காத்திருந்தாள். அப்பாவும் திருவந்திபுரத்தில் கல்யாண ஆட்களை இறக்கிவிட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல், "ஏம்மா, அந்த ஊரு சர்ச்சுல எல்லாம் செருப்ப எங்க வுடறாங்க? டோக்கனா, இல்ல வண்டியிலயே வுடணுமா?" என்று நஜியாவைக் கேட்டார். எந்தப் புது ஊருக்கு வேன் போவதானாலும் அவர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான், எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நஜியா சிரித்துவிட்டாள். யாருமே கழட்ட மாட்டாங்க மாமா, ஷூவோடயேதான் உள்ள போவாங்க, கழட்டினாத்தான் ஒரு மாதிரி பார்ப்பாங்க என்றாள். பெரிய கோயிலிலுமா என்றார். அந்த ஜெரோனிமோஸிலும் அப்படித்தான், கார்மோவிலும் அப்படித்தான் என்று அவள் சொன்னாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, எங்கள் ஊர் மாதா கோயிலிலேயே கழற்றுகிறார்களே என்றார். அவள் தன் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள், ஜெரோனிமோஸ் மடத்தின் தூண்களுக்கு நடுவே ஒரு கூட்டம், எல்லோர் காலிலும் ஷூ. அப்பா படத்தை விரலால் பெரிதாக்கிக் கால்களை மட்டும் பார்த்தார். பார்த்து முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு,

"அப்ப நானும் உள்ள வரலாம்" என்றார்.

சிதம்பரத்தில் அவர் சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும். உன் ஆட்கள் எல்லோரும் உள்ளே போய் நீ சொல்வதைக் கேட்பார்கள், அத்தனை பேர் செருப்பையும் பார்த்துக்கொண்டு தான் வாசலில் உட்கார வேண்டியிருக்கும், பிள்ளை பேசுவதைக் கேட்க முடியாது என்று இந்த மனிதர் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேறு யாராவது உட்காரலாமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு சின்னையன் மாமாவோடு ஸ்டுடியோவுக்குப் போனார். போட்டோவில் சிரிக்கக் கூடாது என்றார்களாம், அது அவருக்குச் சிரமமாக இல்லையாம். நெற்றியைத் துடைக்கச் சொன்னதற்கு மட்டும் கொஞ்சம் முறைத்திருக்கிறார். பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி இருக்கிறது படம். வீட்டுக்குப் போனதும் அவள் அப்பாவிடம் கொடுத்துவிடுவதாக நஜியா அதை வாங்கிக்கொண்டாள், இந்தக் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறாள், முடித்துவிடுகிறேன். விசா கொடுப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. கொடுத்தால், அந்த மடத்தின் வாசலில் அவர் கொஞ்ச நேரம் நிற்பார், கீழே கால்களைப் பார்ப்பார். அவசரப்படுத்தாதே.

அம்மா